ஊரே ஓடினாலும் கேட்டு ஓடு!



"ஊர் ஓடினா ஒத்து ஓடு, ஒருத்தன் ஓடினா கேட்டு ஓடு"ன்னு பாட்டிமார் சொல்வாங்க. இதில் பாதிதான் சரி என்பது என் கருத்து. ஊரே ஓடும்போதுதான் இன்னும் உரக்கக் கேட்கணும்!

கணக்கு வகுப்பையே எடுத்துக்கொள்வோம். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று சார் கேட்கிறார். "புரிஞ்சுது சார்!" என்று வகுப்பே கோரஸ் பாடுகிறது. இன்டர்வெல்லில் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். "எல்லாரும் தலையாட்டினாங்க, எனக்கு மட்டும்தான் மண்டையில ஏறலையோன்னு நினைச்சேன்" என்று பாதிப் பேர் சொல்வார்கள். ஒருத்தர்கூட முட்டாள் இல்லை. ஆனால் கூட்டமாகச் சொன்ன பதில் தப்பு!

இது நம்ம வகுப்பு வியாதி மட்டும் இல்லை. 1951-ல் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார். எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் செட்டப் செய்த ஆட்கள். வேண்டுமென்றே ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். விளைவு? சோதிக்கப்பட்டவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது அந்தத் தப்புக்கு ஒத்து ஊதினார்கள்!

காரணம் அறிவுக் குறைவு இல்லை, கேலிக்குப் பயம். "கிணத்துல குதிக்கலாம் வாடா" என்றால், நீச்சல் தெரியாதவன்கூட "பயந்தாங்கொள்ளி" பட்டத்துக்குப் பயந்து கூடப் போகிறான். அங்கே போவது மானம் இல்லை, உயிர்!

சரி, ஒருவர் வாய் திறந்தால் மட்டும் போதுமா? போதாது. கேட்கவும் ஆள் வேணும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறி, 7 பேர் இறந்தார்கள். "குளிர் அதிகம், ரப்பர் வளையம் சரியா அடைக்காது, நாளைக்கு வேண்டாம்" என்று பூஸ்டர் ராக்கெட் செய்த கம்பெனியின் பொறியாளர்கள் முந்தின இரவே எச்சரித்தார்கள். நாசா அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனி மேலாளர்கள் தனியாகப் பேசி, "சரி, ஏவலாம்" என்று மாற்றிவிட்டார்கள். அத்தனை பேரும் மெத்தப் படித்தவர்கள்!

இதற்கு மருந்தும் ஆஷ் சோதனையிலேயே இருக்கிறது. ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும், தப்புக்குத் தலையாட்டுவது வெகுவாகக் குறைந்தது. விடையை ரகசியமாக எழுதச் சொன்னபோதும் குறைந்தது. அதனால் என் யோசனைகள்:

1. டூரோ, ஆண்டு விழாவோ, கை தூக்கி முடிவு செய்யாமல் முதலில் எல்லோரும் துண்டுச் சீட்டில் எழுதுவோம்.
2. வகுப்புத் தலைவர் தன் கருத்தைக் கடைசியில் சொல்லட்டும்.
3. "வேண்டாம்" என்பவரைப் பார்த்துச் சிரிக்காமல், "ஏன்?" என்று கேட்போம்.
4. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "புரிஞ்சுதா?" என்பதற்குப் பதில், "புரியாததை எழுதிக் கொடுங்க" என்று கேளுங்களேன்!

ஒற்றுமை வேணாம்னு சொல்லலை. ஒற்றுமை வேறு, பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவது வேறு. நாளைக்குக் கணக்கு வகுப்பில் ஒரு கை உயரட்டும். பின்னாலேயே பத்துக் கை உயரும், பாருங்கள்!

சிந்திப்போம்! கேட்போம்!

- பதினோராம் வகுப்பு மாணவி