வண்டிக்கு இரண்டு பேர்: அவசரமில்லா நோயாளிப் பயணம் பற்றி எங்கள் நிலைப்பாடு

நோயாளியை வீட்டிலிருந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் வேனில் ஓட்டுநர் ஒருவர் போதுமா, உதவியாளரும் கூடவே வேண்டுமா? கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், பங்சார், பந்தாய் வட்டாரத்திலும் கிள்ளானிலும் இந்த வேலையைச் செய்பவர்களும், அவர்களை நம்பியிருக்கும் குடும்பத்தினரும் சேர்ந்தது எங்கள் சங்கம். செயலவையில் இதைப் பற்றிப் பலமுறை வாதாடிவிட்டோம். இப்போது முடிவைச் சொல்கிறோம். தானாக எழுந்து நடக்க முடியாத நோயாளி ஏறும் எந்த வண்டியிலும் இருவர் இருந்தாக வேண்டும். இரண்டாமவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அவருக்கு ஒழுங்கான சம்பளமும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பும் வேண்டும்.

எங்கள் வண்டியில் சைரன் அலறாது. நெஞ்சுவலி, விபத்து, மூச்சுத்திணறல் என்றால் 999-ஐத்தான் அழைக்க வேண்டும். அது வேறு வேலை, அதற்கென்று படித்த மருத்துவ உதவி அதிகாரிகள் இருக்கிறார்கள். நாங்கள் ஏற்றுவது டயாலிசிஸுக்குப் போகிறவரை, பக்கவாதம் வந்து பிசியோதெரபிக்குப் போகிறவரை, இடுப்பெலும்பு முறிந்து வார்டிலிருந்து வீடு திரும்பும் பாட்டியை. ஆம்புலன்ஸ் என்றாலே உயிர் காக்கும் ஓட்டம் என்று பழகிய கண்ணுக்கு இந்த வேன் வெறும் டாக்சியாகத் தெரிகிறது. ‘ஓட்டத் தெரிந்தால் போதாதா’ என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆண்டுக்கு 156 முறை. போக, வர என்று 312 பயணம். பொங்கலும் தீபாவளியும் இதற்கு விடுமுறை தருவதில்லை. நாடு முழுவதும் டயாலிசிஸ் செய்துகொள்வோர் 50,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். இவர்களில் பலர் சொந்தக் காலில் நடந்து, காரிலோ எல்ஆர்டி ரயிலிலோ போய்விடுகிறார்கள். நாங்கள் பேசுவது மற்றவர்களைப் பற்றி: சர்க்கரை நோயில் காலை இழந்தவர், கண் மங்கியவர், பிள்ளைகள் வேலைக்குப் போன பின் வீட்டில் தனியாக இருப்பவர்.

இந்த 312 பயணங்களில் கடினமான பகுதி சாலையில் இல்லை. படுக்கைக்கும் வேனின் கதவுக்கும் இடையில் இருக்கிறது. நம் வட்டாரத்தில் மின்தூக்கியே இல்லாத நான்கு, ஐந்து மாடிப் பழைய பிளாட்டுகள் இன்னும் நிற்கின்றன. பிபிஆர் எனும் அரசு மக்கள் வீடமைப்பு அடுக்குமாடிகளில் மின்தூக்கி உண்டு; அது ஓடும் நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரைச் சக்கர நாற்காலியோடு நான்காம் மாடியிலிருந்து இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒருவர் நாற்காலியைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், முன்னால் ஒருவர் சட்டத்தைத் தாங்கியபடி படிபடியாக இறங்க வேண்டும். திரும்பும் இடத்தில் அண்டை வீட்டார் செருப்பு அலமாரியும் சைக்கிளும் வைத்திருப்பார்கள். அதையும் யாராவது நகர்த்த வேண்டும். இதை ஓர் ஆள் செய்ய முடியாது. செய்துவிட்டேன் என்று சொல்பவரின் முதுகைச் சில ஆண்டுகள் கழித்துக் கேட்டுப் பாருங்கள்.

ஹைட்ராலிக் தூக்கிப் பலகை பொருத்திய வேன் வாங்கிவிட்டால் இரண்டாவது ஆள் தேவைப்படாது என்பது சில நிறுவனங்களின் வாதம். பலகை தரையிலிருந்து வண்டிக்குள் தூக்கும். நான்காம் மாடியிலிருந்து தரைக்கு அது வந்து தூக்காது.

தசைபலம் மட்டும் இருந்தாலும் ஆகாது. டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அறுவை செய்திருப்பார்கள். ஊசி ஏற்றுவது அந்தக் கையில்தான். கைத்தாங்கல் கொடுக்கிறேன் என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் அவருடைய உயிர்நாடியையே பிடித்து இழுக்கிறோம். சிகிச்சை முடிந்து வரும்போது உடலிலிருந்து நீர் இறங்கியிருக்கும். இரத்த அழுத்தம் விழும், எழுந்து நின்றதும் தலை சுற்றும், காலில் பிடிப்பு வரும். போகும்போது நடந்து வந்தவர்தான், திரும்பும்போது அவரை ஏந்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஊசி குத்திய இடத்தில் கட்டு நனைந்தால் உடனே அழுத்திப் பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை ஸ்டியரிங்கில் இருக்கக் கூடாது. சிறுநீர்ப் பை மாட்டியவரை இடம் மாற்றும்போது பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். பக்கவாதக்காரரை அவருடைய பலமான பக்கமாக நகர்த்த வேண்டும். சக்கர நாற்காலியைத் தரையோடு நான்கு பட்டைகளால் இறுக்கிய பிறகு, நோயாளிக்குத் தனியாக ஒரு பெல்ட் போட வேண்டும். எல்லாம் சின்ன விஷயங்கள். சொல்லிக் கொடுத்தால் சில நாளில் வந்துவிடும். சொல்லிக் கொடுக்காமல் தானாக வருவதில்லை.

இந்த இடத்தில் பிரிக்பீல்ட்ஸுக்கு நாங்கள் ஒரு நன்றி சொல்ல வேண்டும். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைப் பார்க்காமல் இந்தத் தெருக்களில் ஒரு நாள் கழியாது. பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ள விட்டு அரை அடி முன்னால் நடக்க வேண்டும் என்று எங்கள் பையன்கள் கற்றது எந்த வகுப்பிலும் இல்லை, ஜாலான் துன் சம்பந்தன் நடைபாதையில்தான்.  

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. தொடக்கத்தில் நாங்களும் ஓட்டுநரை மட்டும்தான் அனுப்பினோம். ‘தம்பி பலசாலி, பார்த்துக்கொள்வான்’ என்றோம். ஒரு நாள் படியில் தடுமாறியபோது, நாற்காலியை விடாமல் இருக்கத் தன் முழங்காலைக் கொடுத்துவிட்டார் ஒருவர். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுநர் மாதக்கணக்கில் வேலைக்கு வர முடியவில்லை. தொண்டு என்று சொல்லி அவரை எங்கும் பதியாமல் விட்டிருந்தோம். சொக்சோவில் கேட்க வழியே இருக்கவில்லை. இந்த அறிக்கையின் பாதியை எழுதியது அந்த முழங்கால்.

தொண்டு மனம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கோயிலில் அன்னதானம் பரிமாறுவதும் ஆளைத் தூக்கிப் படி இறங்குவதும் வேறு வேறு. பின்னதில் உடல் தேய்கிறது. நாளெல்லாம் அதைச் செய்பவர் தொழிலாளி. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட், சிறு முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல். திருத்தப்பட்ட வேலைச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. டயாலிசிஸ் நிலைய வாசலில் நோயாளிக்காகக் காத்திருக்கும் நேரமும் இந்த 45-க்குள் வர வேண்டும். ‘சும்மாதானே உட்கார்ந்திருந்தாய்’ என்று அதைக் கழிப்பதை நாங்கள் ஏற்கவில்லை. மாதச் சம்பளம் இல்லாமல் தனியாக ஓட்டுபவர்களுக்கு, முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்காக வந்த 2017-ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பதியச் சொல்லி நாங்களே படிவத்தோடு போய் நிற்கிறோம்.

2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், உடனடி அபாயம் என்று நியாயமாகக் கருதும் இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. மின்தூக்கி கெட்ட பத்தாவது மாடியில் தனியாக நிற்கும் உதவியாளருக்கும் அந்த உரிமை உண்டு என்பது எங்கள் வாசிப்பு. ஆனால் அவர் விலகினால் மேலே இருப்பவர் டயாலிசிஸைத் தவறவிடுவார். சட்டம் தொழிலாளியைக் காப்பாற்றி, நோயாளியை மாடியிலேயே விட்டுவிடுகிறது. இருவரையும் காப்பாற்றுவது இரண்டாவது ஆள்தான்.

செலவு கூடுமே என்பார்கள். கூடும்; மறைக்கவில்லை. அதை நோயாளியின் பையிலிருந்து எடுப்பதை நாங்கள் எதிர்க்கிறோம். சிகிச்சைக்கு யார் பணம் தருகிறார்களோ அவர்களுடைய கணக்கில் பயணமும் சேர வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்து வர முடியாதவருக்கு, சிகிச்சை இலவசம் என்ற செய்தியால் என்ன பயன்? வீட்டில் ஒருவர் கைகொடுக்கட்டுமே என்றும் கேட்கிறார்கள். பல வீடுகளில் அந்த ‘ஒருவர்’ மூட்டுவலியோடு இருக்கும் எழுபது வயது மனைவி.

அண்டை நாட்டில் இதற்கு ஒழுங்கு இருக்கிறது. சிங்கப்பூரில் அவசரத்துக்கு 995, அவசரமில்லாத ஆம்புலன்ஸுக்கு 1777. அங்கே 2023 ஜூன் 26 முதல் மருத்துவப் போக்குவரத்துச் சேவை தனி உரிமத்தின் கீழ் வந்துவிட்டது. இங்கிலாந்தில் உதவியாளருக்கென்றே ஒரு பதவிப் பெயர் உண்டு. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டுத் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் 23 தொழில்களைப் பட்டியலிடுகிறது. இந்த வேலை அதில் இல்லை. பட்டம் கேட்கும் அந்த வரிசையில் எங்களைச் சேர்க்கச் சொல்லவில்லை. சுகாதார அமைச்சு ஒரு குறுகிய கட்டாயப் பயிற்சியையும் ஒரு பதிவேட்டையும் தொடங்கினால் போதும். முதலுதவி, தூக்கும் முறை, தொற்றுத் தடுப்பு, டயாலிசிஸ் நோயாளியைக் கையாளுவது ஆகியவை அதில் இருக்கட்டும். மாநகர் மன்றத்திடம் கேட்பது இன்னும் சிறியது: ஒவ்வொரு டயாலிசிஸ் நிலையத்தின் முன்பும் நோயாளியை ஏற்றி இறக்க ஒரு வண்டி நிற்கும் இடம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஜாலான் துன் சம்பந்தனில் இரட்டை வரிசையில் நின்று சக்கர நாற்காலியை இறக்கியவர்களுக்கு இதன் அவசியம் புரியும்.

அரசாங்கம் செய்யும் வரை நாங்கள் காத்திருக்கவில்லை. எங்கள் வண்டிகளில் இருவர் இல்லாமல் படியேறும் பயணத்தை இனி ஏற்கமாட்டோம். ஆள் கிடைக்காத நாளில் முந்தைய மாலையே சொல்லிவிடுவோம். குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வண்டிக்குப் பதியும்போது எத்தனையாவது மாடி, மின்தூக்கி ஓடுகிறதா, நோயாளியின் எடை எவ்வளவு, ஊசி ஏற்றும் கை எது என்பதைச் சொல்லுங்கள். மாடிப்படியில் இருக்கும் செருப்பு அலமாரியை முதல் நாளே நகர்த்தி வையுங்கள்.