ரிப்போர்ட் நோயாளியின் கைக்கு வரட்டும்

"ஏதாவது இருந்தா நாங்களே கூப்பிடுவோம்மா." தெருமுனை கிளினிக்கில் ரத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்லப்படுவது இது. லேப்காரர்கள் முடிவை டாக்டரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். போன் வராவிட்டால் ஒன்றுமில்லை என்று வீட்டில் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். போன் வராததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். லேப் அனுப்ப மறந்திருக்கலாம், மாலை நேரக் கூட்டத்தில் டாக்டர் அதைத் திறக்காமலே விட்டிருக்கலாம், கிளினிக் நோட்டில் இருப்பது பழைய நம்பராக இருக்கலாம். அமெரிக்காவில் 23 மருத்துவ மையங்களில் 5,434 நோயாளிகளின் பதிவேடுகளை அலசி 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கவனிக்க வேண்டிய முடிவுகளில் ஏறக்குறைய 14க்கு ஒன்று நோயாளிக்குச் சொல்லப்படவில்லை, அல்லது சொன்னதற்கான பதிவே இல்லை. முறையாகப் பதிவேடு வைத்திருக்கும் இடங்களிலேயே இந்த நிலை என்றால், வாட்ஸ்அப்பையும் ஞாபகசக்தியையும் நம்பி ஓடும் நம் கிளினிக்குகளைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது.

கூப்பிட்டு "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது. சிறுநீரகத்துக்கான கிரியேட்டினைன் பரிசோதனையையே எடுத்துக்கொள்வோம். 55 வயதுப் பெண் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் 0.7 இருந்தது, இப்போது 1.1 என்று வைத்துக்கொள்வோம். பல லேப்களின் தாளில் இரண்டுமே இயல்பான அளவுக்குள்தான் வரும். தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ இருக்காது. ஆனால் இன்று மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கின்படி அவருடைய சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் சுமார் 102இலிருந்து 60க்குக் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது கண்ணில் படும். நம் ஊரில் ஒரே டாக்டரிடம் பத்து வருஷம் போகிறவர்கள் குறைவு. டாக்டர் மாறலாம், லேப் மாறலாம், ஊரே மாறலாம். எல்லா இடத்துக்கும் கூடவே போகிறவர் நோயாளி மட்டும்தான். பழைய தாள் இருக்க வேண்டிய இடமும் அவருடைய ஃபைல்தான்.

ரிப்போர்ட்டைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைகள் சாசனத்திலும் பரிசோதனை முடிவுகளைப் பெறும் உரிமை இருக்கிறது. குறை என்னவென்றால், விதி "கேட்டால்" என்கிறது. டாக்டரிடம் வாய் திறந்து தாளைக் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகிவிடுமோ என்று தயங்குகிறவர்கள்தான் இங்கே அதிகம். அதனால் கேட்காமலே கொடுப்பது நடைமுறையாக வேண்டும்.

தாளைக் கையில் கொடுத்தால் கூகுளில் தேடிப் பயந்துவிடுவார்கள் என்று மருத்துவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் முடிவுகள் உடனுக்குடன் நோயாளிகளுக்குத் தெரிய வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் 8,139 பேரிடம் கேட்டபோது, இயல்பு மாறிய முடிவு வந்தவர்களில் ஒரு பகுதியினர் கவலை கூடியதாகச் சொன்னார்கள். ஆனாலும் சுமார் 96 சதவீதம் பேர் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே முடிவு தங்களுக்கு வரட்டும் என்றார்கள். பயத்தைப் போக்க டாக்டர் ஒரு வரி எழுதினால் போதும்: "இது பரவாயில்லை, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்." எச்.ஐ.வி., புற்றுநோய் போன்றவை வேறு. அவற்றை நேரில் உட்கார வைத்து, ஆலோசனையோடு சொல்வதுதான் மனிதத்தன்மை. அந்தச் சில முடிவுகளைக் காரணம் காட்டி, சர்க்கரையும் கொழுப்பும் பார்த்த தாளை யாரும் நிறுத்திவைக்கத் தேவையில்லை.

நேரமில்லை என்பது இன்னொரு வாதம். மாலையில் நூறு பேரைப் பார்க்கும் டாக்டருக்கு அது உண்மையான சிரமம்தான். ஆனால் தாளைக் கொடுக்கும் வேலை டாக்டருடையது அல்ல. லேபே நோயாளியின் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பலாம், போன் இல்லாதவருக்கு அச்செடுத்துக் கொடுக்கலாம். கிளினிக்குகளையும் லேப்களையும் முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. முடிவு எத்தனை நாளில் வரும், யாரிடம் வாங்க வேண்டும், வராவிட்டால் எந்த நம்பரில் கேட்க வேண்டும் என்பதை வரவேற்பு மேசையில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்று பதிவுச் சான்றிதழோடு ஒரு நிபந்தனை சேர்ப்பது அரசுக்குப் பெரிய செலவல்ல.