வராண்டாவுக்கு எதுக்குய்யா வைஃபை?

லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை சாயங்காலம் ஆறரைக்குப் பூட்டிடுவாங்க. பசங்க ஹாஸ்டல்ல நெட் வரலைன்னா எதிர்த்த டீக்கடைல போய் உக்காந்து மொபைல் டேட்டால வேலையை முடிச்சுட்டு, ஒரு பப்ஸும் சாப்ட்டுட்டு வந்துடலாம். பொண்ணுங்களுக்கு அந்த வழி கிடையாது. கான்கிரீட் கட்டடம், உள்ளே மொபைல் சிக்னலும் சரியா ஏறாது. கம்பெனிக்காரன் ராத்திரி எட்டு மணிக்கு ஆன்லைன் டெஸ்ட் வச்சா, காலேஜ் குடுக்கற வைஃபை ஒண்ணுதான் கதி. இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க மக்கா.

நம்ம ஊர் இஞ்சினியரிங் காலேஜ்கள்ல இப்போ ஒரு ஃபேஷன். "முழு வளாகமும் வைஃபை, சென்ட்ரல் கன்ட்ரோலர்"ன்னு ப்ராஸ்பெக்டஸ்ல போட்டுக்கறது. கன்ட்ரோலர்னா ஏதோ மந்திரப் பெட்டி, வாங்கி ரேக்குல வச்சுட்டா மீதியை அதுவே பாத்துக்கும்னு ஒரு நெனப்பு. விக்கறவனும் அப்படித்தான் சொல்றான், வாங்கறவரும் அப்படியே நம்பறார். என் சண்டை இந்த நெனப்போடதான்.

நான் நெட்வொர்க் ஆளில்லைங்க, பொட்டி தட்டறவன். ஆனா முப்பது பேர் இருக்கற எங்க ஆபீசுக்கு கன்ட்ரோலர், ஏ.பி. எல்லாம் போட்டு, வருஷக்கணக்கா அதோட மல்லு கட்டறது அடியேன்தான். அதனால சித்தி பொண்ணு, "அண்ணா, மூணாவது தடவையா டெஸ்ட் நடுவுல கட் ஆயிடுச்சு, எங்க வார்டன் பசங்க படம் டவுன்லோட் பண்றதாலன்னு சொல்றாங்க"ன்னு போன் பண்ணினப்போ, சும்மா விட மனசு வரலை. காலேஜ் பேரு வேணாம். எந்தக் காலேஜ்னு நீங்க நெனக்கறீங்களோ அங்கயும் இதே கதையாத்தான் இருக்கும் :-)

லேடீஸ் ஹாஸ்டலுக்குள்ள என்னை விடமாட்டாங்க. அதனால அவளையே போன்ல ஒரு வைஃபை ஸ்கேன் ஆப் போட்டு, ஒவ்வொரு மாடியா, ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டு ஒண்ணு, வெளியே நின்னு ஒண்ணுன்னு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். அறுபத்து சொச்சம் படம் வந்துது. அப்புறம் ஒரு சனிக்கிழமை அட்மின் பிளாக் போய் சிஸ்டம் அட்மின் அண்ணனைப் பாத்தேன். நல்ல மனுஷன். "வா தம்பி, நீயே பாரு"ன்னு கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து காட்டினார். பதினாறு ஏ.பி., பதினாறும் பச்சை. 

அந்தப் பச்சைலதான் விஷயமே இருக்கு. ஒரு ஏ.பி.யை ஒயர்ல சொருகினா என்ன ஆகும்? டி.ஹெச்.சி.பி. கிட்ட ஐ.பி. வாங்கும். ஆப்ஷன் 43 மூலமாவோ, டி.என்.எஸ். மூலமாவோ கன்ட்ரோலர் எங்கன்னு தேடும். கண்டுபிடிச்சதும் கன்ட்ரோலர் அதைத் தத்து எடுத்துக்கும், ஃபர்ம்வேர் ஏத்தும், செட்டிங்கை இறக்கும், பச்சை லைட் எரியும். பதினாறு ஏ.பி.க்கு அரை நாள் வேலை. பச்சைன்னா ஏ.பி.க்கும் கன்ட்ரோலருக்கும் நடுவுல ஒயர் நல்லா இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். கதவைச் சாத்திட்டு ரூமுக்குள்ள உக்காந்திருக்கற பொண்ணுக்கு நெட் வருதான்னு அந்தப் பச்சைக்குத் தெரியாது. ஆனா இன்ஸ்டால் பண்ண வந்தவங்களுக்கு வேலை முடியற இடம் அதுதான். பிரின்சிபால் கிட்ட ஸ்க்ரீனைக் காட்டி கையெழுத்து வாங்கிட்டுப் போய்ட்டாங்க.

சரி, ஏ.பி. எல்லாம் எங்க மாட்டியிருக்கு? வராண்டால. மாடிக்கு நாலு, வரிசையா, நடைபாதை உத்தரத்துல. ஏன்? கேபிள் இழுக்கறது சுலபம், ரூம் ரூமா சுவரைத் துளைக்க வேண்டாம். வராண்டால யாரு உக்காந்து படிக்கறாங்க? நாலு ஏ.பி.யும் ஒண்ணை ஒண்ணு நேருக்கு நேர் பாத்துக்கிட்டு, நடுவுல தடுப்பே இல்லாம, ஒண்ணு பேசறது இன்னொண்ணு காதுல விழுந்துக்கிட்டே இருக்கு. யாருக்காக மாட்டினாங்களோ அவங்க செங்கல் சுவருக்குப் பின்னாடி. ஒரு நல்ல செங்கல் சுவர் 5 கிகாஹெர்ட்ஸ்ல ஏறக்குறைய 10 டெசிபல் முழுங்கும். 10 டெசிபல்னா பத்துல ஒரு பங்குதான் மிச்சம். சுவர்ல பதிச்ச பீரோ இருந்தா இன்னும் விசேஷம்.

ரூம்ல சிக்னல் கம்மின்னு புகார் வந்ததும் என்ன பண்ணினாங்க தெரியுமா? எல்லா ஏ.பி.க்கும் பவரை 'ஹை' வச்சாங்க. இதுதான் நம்ம ஆளுங்களோட சர்வரோக நிவாரணி. கோயில் திருவிழால குழாய் ஸ்பீக்கர் கட்டினா ஊர்க்கோடி வரைக்கும் கேக்கும். ஊர்க்கோடில நிக்கறவன் பதிலுக்குக் கத்தினா கோயிலுக்குக் கேக்குமா? ஏ.பி. 200 மில்லிவாட்டுல கத்தும். கைல இருக்கற போன் பெரும்பாலும் 30 மில்லிவாட் வாக்குலதான் பேசும். பேட்டரி தாங்கணுமே. போன்ல கோடு எல்லாம் முழுசா நிக்கும், ஆனா போன் சொல்றது ஏ.பி.க்குப் போய்ச் சேராது. "சிக்னல் ஃபுல்லா இருக்கு அண்ணா, ஆனா ஒண்ணும் லோட் ஆகலை"ன்னு அவ சொன்னது இதைத்தான்.

இதுல "சீம்லெஸ் ரோமிங்"னு ப்ரோஷர்ல வேற. எந்த ஏ.பி.யோட ஒட்டறது, எப்ப விடறதுன்னு முடிவு பண்றது போன். கன்ட்ரோலர் இல்லவே இல்லை. 802.11வி மாதிரி சமாச்சாரங்கள் மூலமா "அந்தப் பக்கம் போயேன்"னு கன்ட்ரோலர் சொல்லிப் பாக்கலாம், கேக்கறதும் கேக்காததும் போனோட இஷ்டம். ஐபோன் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழ சிக்னல் இறங்கினாத்தான் வேற ஏ.பி.யைத் தேடவே ஆரம்பிக்கும்னு ஆப்பிளே எழுதி வச்சிருக்கு. பவரைக் கூட்டி வராண்டா பூரா மைனஸ் 60ல நிறுத்தி வச்சா அது எதுக்கு மாறும்? மாடிப்படிகிட்ட புடிச்ச ஏ.பி.யையே ரூம் வாசல் வரைக்கும் இழுத்துட்டு வரும்.

அடுத்தது பேருங்க. ஸ்டூடண்ட், ஸ்டாஃப், கெஸ்ட், எக்ஸாம், சிசிடிவி, அப்புறம் இன்ஸ்டால் பண்ணினப்போ வச்சு அழிக்க மறந்த டெஸ்ட். ஆக ஆறு வைஃபை பேரு, பதினாறு ஏ.பி.லயும். கேக்கறதுக்கு சாதாரணமா இருக்கா? கணக்கு போடுவோம். ஒவ்வொரு பேருக்கும் ஒவ்வொரு ஏ.பி.யும் "நான் இங்க இருக்கேன்"னு 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை பீக்கன் அனுப்பணும். அதை இருக்கறதுலயே குறைஞ்ச வேகத்துல அனுப்பும். இங்க 2.4 கிகாஹெர்ட்ஸ்ல அது 1 மெகாபிட். 1997ல முதல் 802.11 தரம் வந்தப்போ இருந்த வேகம்! 250 பைட் பீக்கன் ஒண்ணு காத்துல 2.2 மில்லிசெகண்ட் எடுத்துக்கும். சித்தி பொண்ணு ரெண்டாவது மாடி வராண்டால எடுத்த படத்துல சேனல் 6ல மட்டும் நாலு ஏ.பி., இருபத்து நாலு வரி. 24 பெருக்கல் 2.2, ஏறக்குறைய 53 மில்லிசெகண்ட். அதாவது ஒருத்தர்கூட ஒரு பக்கம் திறக்காதபோதே, அந்தச் சேனல்ல பாதி நேரம் "நான் இருக்கேன், நான் இருக்கேன்"னு கூவறதுலயே போயிடுது. ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். மீதிப் பாதியை எழுபது பொண்ணுங்க பங்கு போட்டுக்கணும்.

5 கிகாஹெர்ட்ஸ்லயாவது நிம்மதியா இருக்கலாம்ல? 2018 அக்டோபர்லயே மத்திய அரசு 5150ல இருந்து 5350 வரைக்கும், 5470ல இருந்து 5875 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம வைஃபைக்குத் திறந்து விட்டாச்சு. நம்மாளு ரேடார் வர்ற சேனல்களை எல்லாம் ஒதுக்கிட்டு, மிச்சத்தை 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல வச்சிருக்கார். பெரிய நம்பர்னா வேகம்னு நெனப்பு. அந்த அகலத்துல ரேடார் தொல்லை இல்லாம ரெண்டே ரெண்டு துண்டுதான் தேறும். பதினாறு ஏ.பி.க்கு ரெண்டு சேனல்! 20 மெகாஹெர்ட்ஸா வச்சிருந்தா ஒன்பது கிடைச்சிருக்கும்.

டப்பால போட்டிருக்கற 1800 கதையும் இதே ஜாதிதான். 2.4ல 574, 5ல 1201, ரெண்டையும் கூட்டி, முழுசாக்கி 1800. ரெண்டு பஸ்ஸோட வேகத்தைக் கூட்டி ஒரே போர்டுல எழுதின மாதிரி.

இதெல்லாம் போக ஐ.பி. விலாசம். ஆறு பேரும் ஒரே விலான்ல, ஒரே /24. ரவுட்டர் போக 253 விலாசம். ஹாஸ்டல்ல 288 பொண்ணுங்க, ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப். லீஸ் எட்டு நாள். இப்போ வர்ற போன்கள் ஒவ்வொரு வைஃபை பேருக்கும் ஒரு பொய் மேக் விலாசத்தை வேற வச்சுக்கும். ஸ்டூடண்ட் வரலைன்னு எக்ஸாம்ல ஒட்டிப் பாத்தா, ஒரே போனுக்கு ரெண்டு விலாசம் காலி. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்ட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பினவளுக்கு விலாசமே கிடைக்காம "கனெக்டிங்... கனெக்டிங்..."னு சுத்திக்கிட்டே இருக்கும். இதுக்குப் பேருதான் பசங்க படம் டவுன்லோட் பண்றது!

அந்தப் பேச்சுக்கும் ஒரு முடிவு கட்டிடலாம். லைனோட கிராஃபைக் காட்டுங்கண்ணேன்னு கேட்டேன். காலேஜ் வாங்கியிருக்கறது 500 மெகாபிட் லீஸ்ட் லைன். ராத்திரி ஒன்பது மணிக்கு, எல்லாரும் ரூம்ல இருக்கற நேரத்துல, முழு வளாகத்துக்கும் சேத்து ஓடினது 60க்கும் கீழ. 440 மெகாபிட்டுக்கு மாசாமாசம் காசு கட்டி ஈ ஓட்டறாங்க. படம் டவுன்லோட் பண்ணியிருந்தா கிராஃப் கூரையை முட்டியிருக்காதா? பொண்ணுங்க மேல பழி போடறதுக்கு முன்னாடி இந்த ஒரு பக்கத்தைத் திறந்து பாக்க எவ்வளவு நேரம் ஆகும் சாமி?

அண்ணன் தைரியமா ரெண்டாவது மாடியை மட்டும் மாத்தலாம்னார். பேரை ரெண்டாக்கினோம். குறைஞ்ச வேகத்தை 12 மெகாபிட் ஆக்கினோம். பவரை நடுத்தரத்துக்குக் கீழ இறக்கினோம். நாலுல ரெண்டு ஏ.பி.ல 2.4ஐ அணைச்சோம். 5ஐ 20 அகலத்துக்குக் கொண்டுவந்தோம். டி.ஹெச்.சி.பி.யை மட்டும் மொத்தக் கட்டடத்துக்கும் /22 ஆக்கி, லீஸை எட்டு மணி நேரமா வச்சோம். நாப்பது நிமிஷம், பைசா செலவில்லை. அன்னிக்கு ராத்திரியே நடு ரூம்கள்ல வித்தியாசம் தெரிஞ்சுது. சித்தி பொண்ணு அடுத்த டெஸ்ட்டை கட் ஆகாம முடிச்சா. கோடி ரூம்கள்ல இன்னும் தடுமாற்றம்தான். அதுக்கு செட்டிங்ல மருந்து கிடையாது. ஏ.பி.யைத் தூக்கி ரூமுக்குள்ள வைக்கணும், நாலஞ்சு ரூமுக்கு ஒண்ணு, வராண்டாவுக்கு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, குறைஞ்ச பவர்ல.

"ரூம்ல வச்சா பசங்க உடைச்சுடுவாங்க சார்"னு ஒரு பதில் தயாரா இருக்கும். ஃபேன், ட்யூப்லைட், ப்ளக் பாயிண்ட் எல்லாம் ரூம்லதானே இருக்கு? லாட்ஜ்காரன், ஹோட்டல்காரன் எல்லாம் ரூம் சுவர்ல பதிக்கிற ஏ.பி. வச்சுட்டுத்தானே இருக்கான்? அதுக்குன்னே சின்ன மாடல் விக்குது. கேபிளுக்கு ஆகற செலவு நிஜம், ஒத்துக்கறேன். ஆனா அதை மிச்சம் புடிச்சு இன்னும் பெரிய நம்பர் போட்ட ஏ.பி.யை வாங்கறதுல என்ன புண்ணியம்?

ரெண்டு வாரத்துல வெண்டர் ஆள் மெயின்டனன்ஸ்னு வந்து, வராண்டால சிக்னல் கம்மியா காட்டுதுன்னு பவரை மறுபடியும் 'ஹை' வச்சுட்டுப் போனார். அண்ணன் அன்னிக்கு சாயங்காலமே இறக்கிட்டார்னு வைங்க.

இந்த வருஷம் டெண்டர் போடப்போற காலேஜ்காரங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். "பதினாறு ஏ.பி., ஒரு கன்ட்ரோலர்"னு ஆர்டர்ல எழுதாதீங்க. "ராத்திரி ஒன்பது மணிக்கு, எல்லாரும் இருக்கறப்போ, நாங்க சொல்ற எந்த ரூம்லயும், கதவைச் சாத்திட்டு, ஒரு மணி நேரம் வீடியோ கால் கட் ஆகாம ஓடணும்"னு எழுதுங்க. அது ஓடினப்புறம் மீதி ஐம்பது சதவீதம் பணம்னு போடுங்க. லேடீஸ் ஹாஸ்டல்னா அந்தச் சோதனையை அங்க இருக்கற பொண்ணுங்களையே பண்ணச் சொல்லுங்க. எங்க வீட்டுப் பொண்ணு ஒரே ஒரு போனை வச்சுக்கிட்டு அறுபது ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா.

டிஸ்கி: எந்தக் கம்பெனி டப்பாவும் நான் விக்கலை. எல்லாக் கம்பெனி கன்ட்ரோலர்லயும் மேல சொன்ன செட்டிங் எல்லாம் இருக்கு, பேரு மட்டும் மாறும். வெண்டர் நண்பர்கள் திட்டணும்னா தாராளமா திட்டுங்க, அதுக்கு முன்னாடி உங்க கடைசி சைட்டோட சேனல் யூட்டிலைசேஷன் நம்பரை எழுதிட்டுத் திட்டுங்க.