கரீமின் மூவாயிரம் இசைத்தட்டுகள்

 

நைட் டியூட்டி பார்க்கிற டாக்டருக்கு என்பிஏ ஒரு வரம். நாம வார்டை ஒப்படைச்சுட்டு வீட்டுக்கு வந்து இட்லியைப் பிட்டு வாயில் வைக்கிற நேரத்துல, அமெரிக்காவில் முந்தின நாள் ராத்திரி மேட்ச் லைவா ஓடிட்டு இருக்கும். அப்படித்தான் எனக்கு பாஸ்கெட்பால் பைத்தியம் பிடிச்சது.

அங்கே இருக்கிற பழைய ரசிகர்கள் பேசுறதைக் கேட்டா ஒரு வேடிக்கை தெரியும். அறுபதைத் தாண்டினவங்க லாரி பேர்ட், மேஜிக் ஜான்சன்னு ஆரம்பிப்பாங்க. பத்து நிமிஷத்தில் பேச்சு இசைத்தட்டுக்குப் போயிடும். கல்லூரி நாளில் வாங்கின மாரன்ட்ஸ் ரிசீவர், 160 வாட்ஸ் பயனியர் எஸ்எக்ஸ்-1250, அதை மாடி ஏத்தினப்போ முதுகு பிடிச்சுக்கிட்டது, அதை வித்துட்டு இன்னைக்கும் வருத்தப்படறது. மேட்ச் எங்கேயோ போயிடும்.

அவங்க நல்ல சவுண்டைத் தேடுறோம்னு நம்புறாங்க. எனக்கென்னவோ அவங்க ஆளைத் தேடுறாங்கன்னு தோணுது. ஏன்னு சொல்றேன்.

முதல்ல சவுண்ட் விஷயத்தை முடிச்சுடுவோம்.

இசைத்தட்டில் ஒலி "வெதுவெதுப்பா" இருக்கும்னு சொல்வாங்க. பேஸ் ஒலியை உள்ளபடியே தட்டில் வெட்டினா தடம் அகலமாகும், ஊசியும் தடுமாறும். அதனால பேஸைக் குறைச்சு, ட்ரெபிளைக் கூட்டி வெட்டுவாங்க. கேட்கும்போது ஆம்ப்ளிஃபையர் அதைத் தலைகீழா மாத்திச் சரி பண்ணும். 1954-லிருந்து இதுக்கு ஒரு பொது அளவே இருக்கு. ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஒவ்வொரு சுற்றும் சின்னதாகும், ஒலி கொஞ்சம் மங்கும். மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி தட்டில் 70 டெசிபல் கிடைச்சாலே பெரிசு. சிடியில் 96. பொறியியல் கணக்குப்படி தட்டு தோத்துப் போன மேட்ச் இது.

அதைவிட முக்கியமான கருவி காது. காக்ளியான்னு நத்தைக்கூடு மாதிரி ஒன்னு உள்காதில் இருக்கு. அதன் வாசல் பக்கம் இருக்கிற முடிச்செல்கள்தான் கீச்சு ஒலிகளைப் பிடிக்கும். வயசாகும்போது முதல்ல போறதும் அதுங்கதான். போனா மறுபடி முளைக்காது. ஐம்பதைத் தாண்டினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல கேட்கிறதே இல்லை. அதில் இவங்க வேற பாஸ்கெட்பால் ரசிகர்கள். 2013-ல் சாக்ரமென்டோ அரங்கில் ரசிகர்கள் கத்தின சத்தம் 126 டெசிபல். கின்னஸ் சாதனை! ஒரு காது டாக்டர் பக்கத்தில் இருந்திருந்தா மயக்கம் போட்டிருப்பார். (அரங்குக்குப் போறவங்க பஞ்சு மாதிரி இருக்கிற இயர்பிளக் வாங்கி வெச்சுக்கோங்க. வெட்கப்பட ஒன்னுமில்லை.)

அப்போ இவங்க எல்லாரும் பொய் சொல்றாங்களா? இல்லீங்க. அவங்களுக்குள்ள ஏதோ ஒன்னு நிஜமாவே நடக்குது.

ஒரு விஷயம் நம்ம ஊர்ல பலருக்குத் தெரியாது. அந்தத் தலைமுறை அமெரிக்கர்கள் பாஸ்கெட்பாலைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். 1980 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். லேக்கர்ஸ் அணியின் நட்சத்திரம் கரீம் அப்துல் ஜப்பார் கணுக்கால் காயத்தால் ஆடலை. இருபது வயசு மேஜிக் ஜான்சன் அவர் இடத்தில் நின்னு 42 புள்ளி எடுத்து கோப்பையை ஜெயிச்சுக் கொடுத்தார். இன்னைக்கும் பேசுற ஆட்டம் அது. ஆனா நாட்டின் பெரும்பாலான ஊர்களில் அதை டிவியில் நேரலையா காட்டவே இல்லை. ராத்திரி செய்தி முடிஞ்ச பிறகு டேப்பில்தான் ஓடுச்சு. அதுவரைக்கும் பொறுக்க முடியாதவங்களுக்கு ரேடியோதான் கதி. லாஸ் ஏஞ்சலஸில் சிக் ஹெர்ன், பாஸ்டனில் ஜானி மோஸ்ட். அந்த வெள்ளி முகப்பு ரிசீவர்கள் பாட்டுக்கு மட்டும் வாங்கினது இல்லை.

இன்னும் ஒரு படி மேல. 1965 ஏப்ரல் 15, பாஸ்டன் அணி ஒரே ஒரு புள்ளி முன்னால. அஞ்சு விநாடி பாக்கி. பந்து எதிரணி பிலடெல்பியா கையில். ஜான் ஹாவ்லிசெக் குறுக்கே பாய்ஞ்சு பந்தைத் தட்டிப் பறிச்சார். அந்த நொடியில் ஜானி மோஸ்ட் தொண்டை கிழியக் கத்தின வர்ணனையை அப்புறம் எல்பியாவே போட்டு வித்தாங்க. பாட்டு இல்லை, மேட்ச் வர்ணனை! நம்ம ஊரில் திரைப்பட ஒலிச்சித்திரம் கேசட்டில் வந்து வீடு வீடா ஓடுச்சே, அந்த மாதிரி வெச்சுக்கோங்க. அப்பாவும் பையனும் அந்தத் தட்டைப் போட்டு, முடிவு தெரிஞ்சிருந்தும் மறுபடி மறுபடி கேட்டிருப்பாங்க. அந்தப் பையனுக்கு இப்போ எழுபது வயசு. அவர் இன்னைக்கு ஒரு டர்ன்டேபிள் தேடினா, "சிடியில் 96 டெசிபல் சார்"னு போய் நாம சொல்லலாமா?

இப்போ கரீம் கதைக்கு வரேன். இதைச் சொல்லத்தான் இந்த த்ரெட்டே.

கரீம் அப்துல் ஜப்பார், ஏழடி ரெண்டு அங்குலம். ஆறு முறை சாம்பியன். 38,387 புள்ளிகள், 2023 வரைக்கும் யாராலும் தாண்ட முடியாத சாதனை. அவங்க அப்பா நியூயார்க் போக்குவரத்துப் போலீஸில் வேலை பார்த்தவர். ஆனா ஜூலியார்ட் இசைப்பள்ளியில் படிச்சவர், ட்ராம்போன் வாசிப்பவர். அந்த வீட்டில் வளர்ந்த பையனுக்கு ஜாஸ் தாய்ப்பால் மாதிரி. பின்னாடி எழுதின சுயசரிதைக்கே ஜான் கோல்ட்ரேன் ஆல்பத்தின் பேரைத்தான் வெச்சார்.

ஆனா ஆள் தனிமை விரும்பி. நிருபர்கிட்ட ஒட்ட மாட்டார், ரசிகர்கிட்ட சிரிக்க மாட்டார், உடை மாற்றும் அறையில் புத்தகத்தில் முகம் புதைச்சிருப்பார். திமிர் பிடிச்சவர்னு பேர்.

1983 ஜனவரி கடைசியில் அவர் அணியோடு வெளியூரில் இருந்தப்போ வீடு தீப்பிடிச்சு எரிஞ்சது. வீட்டில் இருந்தவங்க உயிர் தப்பினாங்க. பொருள் எதுவும் மிஞ்சலை. கம்பளங்கள், புத்தகங்கள், வருஷக்கணக்கா சேர்த்த சுமார் மூவாயிரம் ஜாஸ் இசைத்தட்டுகள், எல்லாம் போச்சு.

அதுக்கப்புறம்தான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. ரசிகர்கள் தங்கள் வீட்டு அலமாரியிலிருந்து ஜாஸ் தட்டுகளை எடுத்து அவருக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. லேக்கர்ஸ் வெளியூருக்கு ஆடப் போன இடங்களிலும் தட்டோடு வந்து நின்னாங்க. யாரைத் திமிர் பிடிச்சவர்னு சொன்னாங்களோ, அவர் கையில் தங்கள் தட்டைக் கொடுத்தாங்க. ரசிகர்களை அவர் பார்த்த பார்வையே அதுக்கப்புறம் மாறிடுச்சுன்னு அவரே சொல்லியிருக்கார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்த மூவாயிரமும் அவர் போனில் இருந்து, போன் எரிஞ்சிருந்தா? புது போன், பழைய பாஸ்வேர்டு, அரை மணி நேரத்தில் எல்லாம் திரும்பி வந்திருக்கும். யாரும் எதுவும் தர வேண்டியிருந்திருக்காது. அவரும் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டியதில்லை.

தட்டு எரியும், கீறும், தொலையும். அதனாலதான் அதை ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கொடுக்க முடியுது.

கரீம் படிச்ச அதே யுசிஎல்ஏ-வில் அவருக்குப் பின்னாடி வந்த பில் வால்டன் இன்னொரு ரகம். கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் கச்சேரிக்கு 850 தடவைக்கு மேல போனவர். 1974-ல் அந்தக் குழு 600-க்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்களை மேடையில் சுவர் மாதிரி அடுக்கினதைப் பழைய ஸ்டீரியோ பிரியர்கள் இன்னும் புராணம் மாதிரி சொல்வாங்க. வீட்டில் தட்டைப் போட்டே கேட்டிருக்கலாமே அவர்? போனது அந்தக் கூட்டத்துக்கு.

இப்போ மருத்துவம். "நாஸ்டால்ஜியா" நம்ம துறையில் பிறந்த சொல்னு தெரியுமா? 1688-ல் யோஹான்னஸ் ஹோஃபர்னு ஒரு மருத்துவ மாணவர் பாசல் நகரத்தில் தன் ஆய்வேட்டில் உண்டாக்கினது. வீடு திரும்புதல், வலி, ரெண்டு கிரேக்கச் சொல்லை ஒட்டினார். மயால்ஜியா, நியூரால்ஜியான்னு நாங்க எழுதுறோமே, அதே "அல்ஜியா". ஊரை விட்டுக் கூலிப்படையில் சண்டை போடப் போன சுவிஸ் வீரர்கள் ஏங்கி, சாப்பிடாம, இளைச்சுப் போனாங்க. மலையிலிருந்து கீழே இறங்கினதால காற்றழுத்தம் கூடி வந்த நோய்னுகூட ஒருத்தர் விளக்கம் கொடுத்தார்! அவங்க ஊர் மாட்டிடையர்கள் பாடுற மெட்டைப் படையில் வாசிக்கவே தடை இருந்ததா ரூசோ 1768-ல் எழுதினார். கேட்டா அழுவாங்க, ஓடிப்போயிடுவாங்களாம்.

இன்னைக்கு நாங்க இதை நோய்னு சொல்றதில்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2006-லிருந்து இதை ஆராய்ஞ்சிருக்காங்க. தனிமை உணர்வு வரும்போது இந்த ஏக்கம் கிளம்புது. கிளம்பின பிறகு, நமக்கு ஆள் இருக்குங்கிற உணர்வைக் கூட்டுது. காய்ச்சல் மாதிரி வெச்சுக்கோங்க. உடம்பு எதையோ எதிர்த்துச் சண்டை போடுறதுக்கான அடையாளம்.

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரைத் தங்கத்தில் செஞ்சு கொடுத்தா சரியாகுமா? சந்தை அதைத்தான் பண்ணுது. 2022-ல் அமெரிக்காவில் 4.1 கோடி இசைத்தட்டு வித்தது. சிடி 3.3 கோடிதான். 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு முந்தினது அப்போதான். ஆனா தட்டு வாங்கினவங்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர்கிட்ட அதை ஓட்டுற கருவியே இல்லைன்னு லுமினேட் நிறுவனத்தின் கணக்கு சொல்லுது. சுவரில் மாட்டி வைக்கிறாங்க போல. அவங்க காசு, அவங்க சுவர். ஆனா தனியா உட்கார்ந்து லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபையரில் கேட்கிறவரும், தனியா உட்கார்ந்து இயர்பட்ஸில் கேட்கிறவரும் என் கணக்கில் ஒரே வார்டு.

என் சிபாரிசு ரொம்பச் சின்னது. உங்க அப்பாவோ பெரியப்பாவோ பழைய பாட்டு, பழைய ரேடியோன்னு ஆரம்பிச்சா "அதான் யூட்யூப்ல இருக்கேப்பா"ன்னு வாயை அடைக்காதீங்க. எல்பியின் ஒரு பக்கம் ஏறத்தாழ இருபது நிமிஷம். அவ்வளவு நேரம் போனைத் தள்ளி வெச்சுட்டு பக்கத்தில் உட்காருங்க. பக்கம் முடிஞ்சதும் எழுந்து போய் திருப்பிப் போடுறது மூட்டுக்கும் நல்லது.

அப்படி உட்காரும்போது ஒன்னு கவனிங்க. வால்யூம் வழக்கத்தைவிட அதிகமா இருக்கா? நீங்க சொன்னதை "என்ன?"ன்னு ரெண்டு தடவை கேட்கிறாரா? கல்யாண வீட்டில் பேசாம ஓரமா உட்கார்ந்துடறாரா? காது மந்தமாகிற பெரியவங்க முதல்ல பேச்சைக் குறைப்பாங்க, அப்புறம் ஆட்களைக் குறைப்பாங்க. தவிர்க்கக்கூடிய மறதி நோய்க் காரணிகளில் ஒன்னா லான்செட் ஆணையம் கேள்விக் குறைபாட்டைச் சேர்த்திருக்கு. "வயசானா அப்படித்தான்"னு விட்டுடாதீங்க. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்ட தலைமை மருத்துவமனைக்கோ கூட்டிட்டு வாங்க, காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம்னு கேளுங்க. ஊசி கிடையாது, வலி கிடையாது, அரை மணி நேர வேலை. காலையில் சீக்கிரம் வந்து ஓபி சீட்டு போட்டுடுங்க, பதினோரு மணிக்கு மேல வந்தா கூட்டத்தில் நிக்கணும்.