கடற்பறவைக்கு வைத்த விருந்து

1/ சீனாவில் லூ என்றொரு நாடு. அதன் தலைநகருக்கு வெளியே ஒரு கடற்பறவை வந்து இறங்கியது. அரசருக்கு ஏக சந்தோஷம். கோயிலுக்குக் கொண்டுபோய் மது ஊற்றினார், இசை வாசிக்கச் சொன்னார், மாடு, ஆடு, பன்றி அறுத்து விருந்து வைத்தார். பறவை மிரண்டு போச்சு. ஒரு துண்டு இறைச்சியைக்கூடத் தொடலை. மூன்று நாளில் செத்துப்போச்சு.

2/ தாவோ தத்துவ ஞானி ஜுவாங்சியின் பெயரில் உள்ள நூலில் வரும் கதை இது. அவர் கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக்காரர். கவனிங்க, அரசர் கெட்டவர் இல்லை. தனக்கு எது நல்லதோ அதையே பறவைக்கும் கொடுத்தார்.

3/ படிச்சதும் 80 வயசு தாண்டிய என் நோயாளி ஒருத்தர் ஞாபகம் வந்தார். சர்க்கரை நோய். நான் ஒவ்வொரு சாப்பாடா நிறுத்தினேன். அடுத்த தடவை ரிப்போர்ட் பிரமாதம். ஆனா எடை குறைஞ்சிருந்தது. "அப்பா சாப்பிடவே உட்கார மாட்டேங்கிறார் டாக்டர்"னு மகள் சொன்னாங்க. ரிப்போர்ட் நல்லா இருந்தது, மனுஷன் நல்லா இல்லை.

4/ ஜுவாங்சி கேட்கிறார்: ஈரத்தில் படுத்தா மனுஷனுக்கு இடுப்பு பிடிச்சுக்கும், அயிரை மீனுக்கு? மரத்து மேல ஏத்தினா நமக்கு நடுக்கம், குரங்குக்கு? இதில் சரியான இடம் எதுன்னு யாருக்குத் தெரியும்?

5/ "அப்போ மருந்தையும் சந்தேகப்படணுமா?" இல்லைங்க. இன்சுலின் சர்க்கரையைக் குறைக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த மனுஷருக்கு எது நல்ல வாழ்க்கைன்னு எனக்கே தெரியும் என்ற நினைப்பைத்தான் சந்தேகப்படச் சொல்றேன்.

6/ சந்தேகப்படுறவர் கையைக் கட்டிட்டு நிற்கணும்னும் இல்லை. அதே நூலில் டிங் என்ற சமையல்காரர் வருவார். ஆயிரக்கணக்கில் மாடு அறுத்தும் 19 வருஷமா அதே கத்தி, மழுங்கவே இல்லை. எலும்பில் மோதாம, மூட்டுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் கத்தியை விடுவார். சிக்கலான இடம் வந்தா நிதானிச்சு, கூர்ந்து பார்த்து, மெதுவா. வாழ்க்கையை எப்படிப் பேணுறதுன்னு இவரிடம் கத்துக்கிட்டேன் என்கிறார், பார்த்துக்கிட்டிருந்த பிரபு.

7/ நானும் அன்னைக்கு நிதானிச்சேன். "ஐயா, உங்களுக்கு என்ன வேணும்?"னு முதல் தடவையா கேட்டேன். "காலையில ஒரு நல்ல காபி, பேரனோட உட்கார்ந்து டிபன்." அவ்வளவுதான். அதுக்கு ஏத்த மாதிரி மருந்தை மாத்தினேன். சர்க்கரை அளவு முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், அந்த வயசுக்குப் பரவாயில்லை. மனுஷன் சாப்பிட ஆரம்பிச்சார்.

8/ உங்க வீட்டிலும் யாருக்காவது நல்லதுன்னு நினைச்சு எதையாவது திணிச்சுக்கிட்டு இருப்பீங்க. மருந்தை நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட பேசுங்க. ஆனா அதுக்கு முன்னாடி, அவங்களைக் கேளுங்க.