‘நோ சிக்னல்’ காட்டும் மானிட்டர்: பழுது லேப்டாப்பில் அல்ல, லேபிளில்!

புது மானிட்டர் வருகிறது. பெட்டியைப் பிரித்து, கேபிளைச் சொருகினால் திரையில் ‘நோ சிக்னல்’ என்று ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்துவிடுகிறது. உடனே தோன்றுவது இரண்டுதான்: மானிட்டர் டிஃபெக்ட், இல்லாவிட்டால் லேப்டாப் போச்சு! சிலர் ரிட்டர்ன் போடுகிறார்கள், சிலர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார்கள். ஆனால், பல நேரங்களில் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும். கோளாறு நடுவில் இருக்கும் கேபிளிலோ, போர்ட்டிலோ, ஒரு செட்டிங்கிலோ ஒளிந்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைக் காசு கொடுத்து வாங்கியவர் தலையில் கட்டியிருப்பதுதான் உண்மையான பிரச்சினை.

முதலில் செலவில்லாத சோதனைகள்

மானிட்டரின் மெனுவில் ‘இன்புட்’ அல்லது ‘சோர்ஸ்’ எதில் இருக்கிறது என்று பாருங்கள். கேபிள் எச்டிஎம்ஐ-2இல் சொருகியிருக்க, மானிட்டர் எச்டிஎம்ஐ-1ஐத் தேடிக்கொண்டிருந்தால் படம் வராது. அடுத்து, கேபிளை இரு முனையிலும் கழற்றி மறுபடி அழுத்தமாகச் சொருகுங்கள்.

விண்டோஸ் லேப்டாப் என்றால், விண்டோஸ் கீயுடன் ‘பி’ எழுத்தை அழுத்துங்கள். ‘பிசி ஸ்க்ரீன் ஒன்லி’ தேர்வாகியிருந்தால் இரண்டாவது திரைக்குப் படம் போகாது. ‘டூப்ளிகேட்’ அல்லது ‘எக்ஸ்டெண்ட்’ என்று மாற்றினால் போதும். அப்போதும் வரவில்லையா? விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், ‘பி’ (ஆங்கில அகரவரிசையின் இரண்டாவது எழுத்து) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் ரீஸ்டார்ட் ஆகும். அடுத்தது, செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்று போய் ‘டிடெக்ட்’ பட்டன். மேக்கில் டிஸ்ப்ளேஸ் செட்டிங்கைத் திறந்து ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடித்தால் ‘டிடெக்ட் டிஸ்ப்ளேஸ்’ என்ற பட்டன் தோன்றும்.

இவ்வளவும் செய்தபிறகு கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்து பார்க்கலாம். ஆபீஸ் லேப்டாப்பில் அதற்கு அனுமதி இருக்காது. ஐடி டீமிடம்தான் கேட்க வேண்டும். இந்தச் சோதனைகளுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. சிக்கலே இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஒரே ஓட்டை, வேறு வேறு வேலை

2014-இல் யுஎஸ்பி-சி வந்தபோது சொல்லப்பட்ட வாக்குறுதி எளிமையானது: எல்லாவற்றுக்கும் ஒரே கனெக்டர். வடிவம் ஒன்றானது உண்மை, வேலை ஒன்றாகவில்லை. சில போர்ட்டுகள் டேட்டாவை மட்டும் கடத்தும். சில டேட்டாவுடன் லேப்டாப்பையும் சார்ஜ் செய்யும். வேறு சில மட்டும்தான் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதி வழியாக மானிட்டருக்குப் படத்தையும் அனுப்பும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே ஓட்டைதான். ஒரே லேப்டாப்பில் இருக்கும் இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்டுகளில் ஒன்றில் படம் வரும், இன்னொன்றில் வராது என்பதும் சகஜம்.

போர்ட் சரியாக இருந்தாலும் கேபிள் காலை வாரலாம். ஃபோனுடன் வரும் சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் யுஎஸ்பி 2.0-க்கான கம்பிகள் மட்டுமே உண்டு. படத்தைச் சுமக்கும் அதிவேகக் கம்பிகள் அதில் கிடையாது. கேபிள் மேல் 100 வாட் என்று போட்டிருந்தால் அது சார்ஜிங் திறன். படம் போகும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. யுஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள்களோ பெரும்பாலும் ஒருவழிப்பாதை. லேப்டாப் பக்கம் யுஎஸ்பி-சி, மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ என்றால் வேலை செய்யும். திருப்பிப் போட்டால் செய்யாது.

இன்னொரு வகை சிக்கலும் உண்டு. எம்1 சிப் கொண்ட மேக்புக் ஏர் அதிகாரப்பூர்வமாக ஒரே ஒரு வெளித்திரையைத்தான் ஏற்கும். எத்தனை அடாப்டர் மாட்டினாலும் இரண்டாவது மானிட்டர் நேரடியாக வராது. அங்கே பழுது எதுவும் இல்லை, அது அந்த மாடலின் எல்லை.

படித்துப் பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா?

‘ஸ்பெசிஃபிகேஷன் படிக்காமல் வாங்கினால் யார் பொறுப்பு?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படிக்க அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் பதில் கேள்வி. யுஎஸ்பி 3.0 என்ற பெயர் 3.1 ஜென் 1 ஆகி, பிறகு 3.2 ஜென் 1 ஆனது. வேகம் மாறவே இல்லை. 2022-இல் யுஎஸ்பி அமைப்பு பெயர்களை எளிமையாக்கி, வேகத்தையும் வாட்டையும் காட்டும் லோகோக்களைக் கொண்டுவந்தது. மானிட்டர் வேலை செய்யுமா என்பதை அந்த லோகோக்களும் சொல்வதில்லை.

லேபிள் ஒட்டுவது முடியாத காரியமும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது சார்ஜர் சட்டம் 2024 டிசம்பர் 28 முதல் ஃபோன்களுக்கு நடைமுறைக்கு வந்தது. எத்தனை வாட் சார்ஜர் தேவை என்பதை லேபிளில் காட்ட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சார்ஜிங்குக்கு முடிகிறதென்றால் டிஸ்ப்ளேவுக்கு ஏன் முடியாது? சான்றிதழ் பெறும் புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களின் யுஎஸ்பி-சி போர்ட்டுகள் குறைந்தது ஒரு வெளித்திரையையாவது இயக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் 2025-இல் அறிவித்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால், ஏற்கெனவே வாங்கிய லேப்டாப்களையும் கடையில் தொங்கும் கேபிள்களையும் அது தொடாது.

இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரம் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை வாங்குபவருக்குத் தருகிறது. ‘இந்தப் போர்ட்டில் மானிட்டர் வேலை செய்யும்’, ‘இந்தக் கேபிள் சார்ஜிங்குக்கு மட்டும்’ என்று அட்டைப்பெட்டியில் ஒரு வரி, போர்ட் பக்கத்தில் ஒரு குறி. இவ்வளவுதான் கேட்கிறார்கள். அரசு இதைக் கட்டாயமாக்கினால் கம்பெனிகளுக்கு ஆகும் செலவு மை அளவுதான்.

அதுவரை ஒரு சின்ன எச்சரிக்கை போதும். போர்ட் அருகே அம்புமுனை உள்ள மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட். ‘டி’, ‘பி’ எழுத்துகள் பின்னிய குறி இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட். இரண்டிலும் படம் வரும். குறி எதுவும் இல்லையா? மாடல் நம்பரைப் போட்டுத் தயாரிப்பாளர் தளத்தில் ‘டிஸ்ப்ளே அவுட்புட்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கேபிளுக்குக் காசு கொடுங்கள். அதற்கு முன் மானிட்டரை ரிட்டர்ன் போட வேண்டாம்.