ஜாக்கி தூக்கத்தான்யா, தாங்க இல்ல!

முதல்லயே சொல்லிடறேன் மக்கா, இது கொஞ்சம் காட்டமான பதிவு. திட்டு வாங்கப்போற முதல் ஆள் நான்தான்.

எங்க ஊர் வடகரை. தென்காசி, குற்றாலம் பக்கம். தெருவுக்கு நாலு கார் நிக்கும், ஓனருங்க எல்லாம் வளைகுடாவுல இல்லைன்னா பெங்களூர்ல. வருஷத்துல ஒரு மாசம் ஓடும், 11 மாசம் தார்ப்பாய்க்குள்ள தூங்கும். துபாயில இருக்கற சித்தப்பாவோட காரும் எங்க வீட்டு முத்தத்துல அப்படித்தான்.

நமக்குத்தான் படிச்ச திமிர் இருக்கே. அமெரிக்காவுல மோட்டார் ஹோம்னு ஒண்ணு, நம்ம சினிமாக்காரங்க கேரவன் மாதிரி. அதுல ஜாக்கி பொருத்தியே வரும், வண்டியை மாசக்கணக்கா நிறுத்தி வைக்கும்போது அதை இறக்கி விடறாங்கன்னு படிச்சேன். உடனே அப்பாவுக்கு போன். "அப்பா, பின்பக்கம் ரெண்டு ஜாக்கி வச்சுத் தூக்கி விடுங்க, டயர் சப்பையாகாது." அப்பாவும், இன்ஜினியர் மவன் சொல்லிட்டானேன்னு ரெண்டு பாட்டில் ஜாக்கி இரவல் வாங்கித் தூக்கிட்டார். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தார், கியர் போடலை.

ஜூன் மாசம். சாரல் ஆரம்பிச்சு பத்து நாள்ல செம்மண் களியாச்சு. ஒரு ஜாக்கி சாஞ்சுது, வண்டி முன்னால உருண்டு 'தொப்'னு இறங்கிச்சு. பக்கத்து வீட்டுப் பையன் ரெண்டு நிமிஷம் முன்னாடிதான் பந்து எடுக்க அடியில போய்ட்டு வந்திருக்கான். அம்மா போன்ல சொன்னப்ப எனக்குக் கை நடுங்கிடுச்சு.

அப்புறம்தான் ஒழுங்கா யோசிச்சேன். மோட்டார் ஹோம் ஜாக்கி, வண்டி ஆடாம மட்டமா நிக்கறதுக்கு. சக்கரத்தை அந்தரத்துல தொங்க விடறதுக்கு இல்லை. பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிட்டா அங்கயும் பார்க்கிங் பிரேக் வெத்துவேட்டு. பெரும்பாலான கார்ல ஹேண்ட் பிரேக் பிடிக்கறது பின் சக்கரத்தைத்தானே. அது காத்துல நிக்குது, முன் சக்கரம் நியூட்ரல்ல. வண்டி உருளாம என்ன செய்யும்?

ஹைட்ராலிக் ஜாக்கி நிக்கறதே உள்ள இருக்கற எண்ணெயை நம்பி. சீல் லேசா கசிஞ்சாலும் தூங்குமூஞ்சி மாதிரி மெதுவா இறங்கும். நீட்டிக்கிட்டு இருக்கற தண்டு மழையில துருப்பிடிச்சா, அந்தத் துருவே சீலைக் கிழிச்சிடும். எங்க ஊர்ச் சாரல்ல கேக்கவே வேண்டாம்.

"எங்க தாத்தா அம்பாசடரையே தூக்கி வச்சிருந்தார்"னு சண்டைக்கு வருவீங்க. தெரியும். அவர் ஜாக்கியில தூக்கி, கனமான மரக்கட்டையில உக்கார வச்சார். ஜாக்கியை உருவி வீட்டுக்குள்ள வச்சுட்டார். அவருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலை, நான் பி.ஈ.!

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்தற டயரோட லட்சணம் என்ன? ஓடலைன்னாலும் ரப்பருக்கு வயசாகும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது. பத்து வருஷம் ஆச்சுன்னா பட்டன் தேயாம இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். அதுக்காக ஒரு பிள்ளையைப் பணயம் வைக்கணுமா?

செய்ய வேண்டியது ரொம்ப சாதாரணம். காத்து வழக்கமா 32 பாயிண்ட்னா 36 பிடிங்க. சிமெண்ட் தரையில இல்லைன்னா பலகை மேல நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக்கை விட்டுடுங்க, ஈரத்துல ஒட்டிக்கும். கியர்ல போட்டு, சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை கொடுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அரைச் சுத்து உருட்டி விடுங்க. பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழட்டிடுங்க. தூக்கியே ஆகணும்னா மெக்கானிக் ஷெட்டுல இருக்கற இரும்பு ஸ்டாண்ட் வையுங்க. செங்கல், ஹாலோ பிளாக் கூடவே கூடாது, சொல்லாம கொள்ளாம நொறுங்கும்.

தேரையே நிறுத்தறது ஒரு முட்டுக்கட்டைதான். நாமதான் அந்த வார்த்தையைத் திட்டா ஆக்கிட்டோம். ஊருக்குப் போற மக்கள், உங்க வீட்டு வண்டிக்கு ஒரு முட்டுக்கட்டை போட்டுட்டு வாங்கய்யா.

டிஸ்கி: சித்தப்பா இன்னும் என்கூடப் பேசலை. அப்பா ஜாக்கியைத் திருப்பிக் கொடுத்துட்டார்.